குமட்ட வைக்கும் பதினான்கு வினைகள்

ஜூலை 3, புதன்

வெட்கத்தை விட்டு எழுதிவிடுகிறேன். இன்று காலை பதினொன்றே காலுக்கு, அலுவலகக் கூடத்தின் நட்டநடுவில், வேண்டுமென்றே வாந்தி எடுத்தேன். வயசு ஐம்பத்திரண்டு. வார இதழ்களில் முந்நூறு துணுக்குகள் எழுதியவன். முறைப்படி திட்டம் போட்டு, ஒரு சொம்பு வெந்நீரில் ரெண்டு கைப்பிடி உப்பைக் கரைத்துக் குடித்துவிட்டு, ஓடி வந்து எல்லாரும் பார்க்கிற இடமாகத் தேர்ந்தெடுத்து எடுத்தேன்.

அதுவும் தமிழுக்காக.

நான் வேலை பார்ப்பது மதுரையில் ஓர் ஆங்கிலம்–தமிழ் அகராதி அலுவலகம். மொத்தம் மூன்று பேர். பதிப்பாசிரியர் தில்லைநாயகி மேடம், என்னைவிட ஏழு வயசு சின்னவர், என்னைவிட எழுபது மடங்கு படித்தவர். அப்புறம் நான், பத்தொன்பது வருஷமாக. மூன்றாவது ஆள் சாலமோன் அண்ணாச்சி, திருநெல்வேலிக்காரர், போன மாதம்தான் வந்தார். இருபத்தெட்டு வருஷம் ஆஸ்பத்திரி வார்டில் ஆண் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். 'உடம்பு சம்பந்தப்பட்ட சொல்லுக்கெல்லாம் ஒரு அனுபவஸ்தர் வேணும்' என்று மேடம் கூட்டி வந்தார்.

மேடத்துக்கு ஒரே ஒரு சட்டம் உண்டு. அகராதியில் எந்த உதாரண வாக்கியமும் உட்கார்ந்து யோசித்து எழுதியதாக இருக்கக் கூடாது. உயிருள்ள ஒருத்தர் வாயிலிருந்து வந்து, நம் காதில் விழுந்திருக்க வேண்டும். விழுந்ததும் அட்டையில் எழுத வேண்டும்: வாக்கியம், சொன்னவர் பெயர், இடம், தேதி. அட்டை இல்லாத வாக்கியம் குப்பைக்கு.

போன திங்கட்கிழமை எங்கள் ரெண்டு பேரையும் நிற்க வைத்து ஒரு தாளைக் கொடுத்தார். பதினாலு ஆங்கில வினைச்சொற்கள். சிக்கென் (கோழி இல்லை, சீக்காக்குவது), நாஸியேட் (குமட்ட வைப்பது), டிஸ்கஸ்ட் (அருவருக்க வைப்பது), ரிவோல்ட் (கலகம் இல்லை, முகம் சுளிக்க வைப்பது), ரிபெல் (துரத்தியடிப்பது), இன்ஃபெக்ட், இப்படி. எல்லாமே ஒருத்தரை நோயில் தள்ளுகிற அல்லது அருவருக்க வைக்கிற வேலைகள். "ரெண்டு பேருமே பதினாலுக்கும் அட்டை கொண்டாங்க. நல்லபடியா முடிச்சா முகப்புப் பக்கத்துல இணைப்பதிப்பாசிரியர்னு பேர் போடலாம்" என்றார். எங்கள் ரெண்டு பேருக்கும் நடுவில் இருந்த ஜன்னலைப் பார்த்துச் சொன்னார்.

பத்தொன்பது வருஷத்தில் என் பெயர் இந்த அகராதியில் ஒருமுறைகூட வந்ததில்லை. முன்னுரையில் 'உதவிய நண்பர்கள்' என்று மொத்தமாக வந்திருக்கிறது. ஆகவே வாந்தி.

திட்டம் எளியது. நான் வாந்தி எடுப்பேன். பார்க்கிறவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு எதையாவது சொல்வார்கள். நான் துடைத்துக்கொண்டு எழுந்து எழுதிக்கொள்வேன். நடந்தது என்னவென்றால், ஒருத்தரும் முகம் சுளிக்கவில்லை. மேடம் தண்ணீர் கொண்டுவந்தார். அண்ணாச்சி பாய்ந்து வந்து என் நெற்றியைத் தாங்கிப் பிடித்து, "அடக்காதிய, அடக்காதிய, முழுசா வந்துரட்டும்" என்று முதுகை நீவிவிட்டார். அந்தச் சுகத்தில் நான்தான் வாயைத் திறந்துவிட்டேன். உப்பு என்று சொல்ல முடியுமா? "காலையில தின்ன தேங்காச் சட்னிய்யா, ஈரக்கொலை வரைக்கும் ஓங்கரிக்க வைக்குது!"

ஒரு கையால் என் நெற்றியைப் பிடித்தபடியே மற்றக் கையால் அட்டை எடுத்து எழுதிவிட்டார் மனுஷன். நாஸியேட். சொன்னவர்: திருமலைச்சாமி, 52. இடம்: அலுவலகக் கூடம்.

மேடம் அங்கேயே ஏற்றுக்கொண்டார். அவருக்கு ஒன்று. எனக்குப் பூஜ்யம், ஒரு ஈரச் சட்டை.

ஜூலை 4, வியாழன்

அண்ணாச்சி நேற்று ஆட்டோவில் என்னை வீடு வரைக்கும் கொண்டுவந்து விட்டதை எழுத மறந்துவிட்டேன். மறக்கவில்லை, எழுதப் பிடிக்கவில்லை. என் மனைவி தனபாக்கியம் கதவைத் திறந்து, "என்னாச்சுண்ணே?" என்று கேட்டாள். என்னை அல்ல, அவரை. அந்த மனுஷன் பொறுப்பாக அட்டையையே எடுத்து வாசித்துக் காட்டினார்.

"என் சட்னியா?" என்றாள் பாக்கியம்.

இன்று காலை இட்லிக்கு வெறும் உப்பு வைத்தாள்.

ஜூலை 6, சனி

மீன் மார்க்கெட் போனேன். அருவருப்புக்கு அதைவிட நல்ல இடம் மதுரையில் எது? மூன்று மணி நேரம் நின்றேன். செதில், குடல், ஈ, சேறு, எல்லாம் இருந்தது. வாக்கியம்தான் இல்லை. வருகிறவர்கள் வஞ்சிரத்தைப் பார்த்துக் கண் மலர்கிறார்கள், மலிவாகக் கேட்கிறார்கள், போகிறார்கள். ஒரு கடைக்கார அம்மா மட்டும் என்னைப் பார்த்து, "மோந்து பாத்தே வயித்த நெப்பிட்டுப் போகலாம்னு வந்தியா? வாங்குறதுன்னா வாங்கு, இல்ல காத்து வர விடு" என்றார். அருமையான வாக்கியம். பதினாலு வினையில் எதிலும் சேராது.

வைகைக் கரையில் குப்பை மேட்டுக்கும் போனேன். கடந்து போகிறவர்கள் மூக்கைப் பிடிக்கிறார்கள், புருவத்தைச் சுருக்குகிறார்கள், துப்புகிறார்கள். பேச மாட்டேன் என்கிறார்கள். மூக்கைப் பிடிப்பதை அட்டையில் எப்படி எழுதுவது?

வீட்டுக்கு வந்தால் அண்ணாச்சி என் நாற்காலியில் உட்கார்ந்து காபி குடிக்கிறார். "சும்மா, வாந்தி நின்னுட்டான்னு பாத்துட்டுப் போவலாம்னு வந்தேன் திருமலை சார்" என்றார். பாக்கியம் சிரித்துக்கொண்டிருந்தாள். நான் வந்ததும் நிறுத்திவிட்டாள். எதற்குச் சிரித்தாய் என்று கேட்டேன். "ஒண்ணுமில்லை" என்றாள். ஒன்றுமில்லாததற்கு அவள் சிரித்து நான் பார்த்ததில்லை. என் துணுக்குகளைப் படித்துக்கூட.

பொறாமை எல்லாம் கிடையாது. அண்ணே, அண்ணே என்றுதான் கூப்பிடுகிறாள். பொறாமைப்பட எனக்கு என்ன பைத்தியமா?

அந்த நாற்காலிக்கு ஒரு பக்கக் கை ஆடும். அவர் உட்காரும்போது மட்டும் ஆடவில்லை.

ஜூலை 8, திங்கள்

அட்டைகளை உரக்க வாசிக்கும் நாள். நான் ரெண்டு வைத்திருந்தேன். ரெண்டும் பேருந்தில் கேட்டது, சுமார் ரகம். மேடம் "ம்" என்றார்.

அண்ணாச்சி ஒன்பது வைத்திருந்தார். நான் பாதி வார்டு சமாச்சாரம் என்றுதான் நினைத்தேன். இல்லை. எல்லாமே வீட்டுப் பேச்சு, எல்லாமே ஒரே வாயிலிருந்து வந்த மாதிரி ஒரு ருசி.

இன்ஃபெக்ட்: "ஊர்ல இருக்கிற சளியையெல்லாம் எங்கேயோ போய் வாங்கியாந்து எனக்கு ஒட்டிவிட்டுட்டு, இவரு மட்டும் கம்முனு தூங்குவாரு."

ரிவோல்ட்: "ரசத்துல அப்பளத்தை நொறுக்கிப் போட்டு உறிஞ்சுவாரு பாருங்க, அந்தச் சத்தமே என்னைப் பந்தியை விட்டு எந்திரிக்க வைக்கும்."

ரிபெல்: "அவரு பனியனைக் கழட்டிப் போட்டா அந்தப் பக்கம் பூனைகூட வராது, அப்படித் துரத்தியடிக்கும்."

மேடம் கைதட்டாத குறை. "யார் அண்ணாச்சி சொன்னது?"

"ஒரு குடும்பத் தலைவி மேடம். பேரு இப்போதைக்குப் போட வேண்டாம்னு சொல்லிட்டாவ."

எனக்கு அடக்க முடியாமல் சிரிப்பு வந்தது. அந்தப் புருஷன் யாரோ, பாவம், எப்பேர்ப்பட்ட ஜென்மமோ! அப்படி ஓர் ஆளோடு ஒரு பொம்பளை எப்படிக் குடித்தனம் நடத்துகிறாள் என்று மேடத்திடமே கேட்டேன். மேடம் அட்டைகளை அடுக்கத் தொடங்கினார். அண்ணாச்சி ஜன்னலைப் பார்த்தார்.

மதியம் சாப்பாட்டில் ரசம். அப்பளம் கொஞ்சம் நமத்திருந்தது, நொறுக்கிப் போட்டுக்கொண்டேன்.

ஜூலை 10, புதன்

அவருக்கு ஒன்பது, எனக்கு ரெண்டு. இன்று மாலை ஒரு காரியம் செய்தேன். இந்த நோட்டிலும் எழுத வேண்டாம் என்று நினைத்தேன். எழுதுகிறேன்.

வேலு. லாரி ஓட்டுநர். மாட்டுத்தாவணி பக்கம் டீக்கடை. வயது 44. அவர் வாயிலிருந்து மூன்று அற்புதமான வாக்கியங்கள். வேலுவை நான்தான் பெற்றெடுத்தேன், மாலை ஆறிலிருந்து ஆறே கால் வரை, பேருந்து நிறுத்தத்தில்.

"அந்த ஆளு சிரிச்சுப் பேசும்போதெல்லாம் ஊசிப்போன சாம்பாரைத் திறந்து மோந்த மாதிரி என் வயித்தைப் புரட்டிப் போட்டுரும்யா." இது வேலுவின் முதல் வாக்கியம். யாரைப் பற்றிச் சொன்னார் என்று நான் கேட்கவில்லை.

ஜூலை 11, வியாழன்

மேடம் பரவசம்! "இதுதான் திருமலை சார், இதுதான்! இந்த மனுஷனுக்குள்ள என்ன ஒரு கோபம், என்ன ஒரு உண்மை!" மூன்றையும் ஏற்றுக்கொண்டார். பத்தொன்பது வருஷத்தில் மேடம் என் அட்டையை ரெண்டு தரம் வாசித்தது இதுவே முதல் முறை.

அண்ணாச்சியும் மெச்சினார். "நல்லா பேசுதாரு வேலு. எந்த டீக்கடை திருமலை சார்? நானும் சாயங்காலம் அந்தப் பக்கந்தான் போவேன்."

"அவரு ஒரே கடையில குடிக்க மாட்டாரு அண்ணாச்சி."

"ஓ" என்றார். ரொம்ப மரியாதையான ஓ.

ஜூலை 15, திங்கள்

வேலுவின் அட்டைகள் மொத்தம் ஏழு. எழுத எழுதத் தானாகவே வருகிறது. மகள் பிளஸ் டூ படிக்கிறாள். மூலம் உண்டு, நீண்ட தூரம் ஓட்டுகிறவர் இல்லையா.

மேடம் குண்டு போட்டார். வேலுவின் குரலைப் பதிவு செய்ய வேண்டுமாம். வெள்ளிக்கிழமை கூட்டி வரச் சொன்னார்.

"நாக்பூருக்கு லோடு போயிருக்காரு மேடம்."

"திரும்பி வந்ததும் கூட்டிட்டு வாங்க. வெங்காய வண்டிதானே, அழுகறதுக்குள்ள வந்துருவாரு" என்றார் மேடம். வெங்காயம் என்று நான் எப்போது சொன்னேன்? ஆறாவது அட்டையில் எழுதியிருக்கிறேன்.

ஜூலை 17, புதன்

வேலுவைக் கொன்றுவிட்டேன்.

வேறு வழியில்லை. தினமும் மேடம் கேட்கிறார். இன்று காலை, முகத்தை நீட்டிக்கொண்டு போய், நாக்பூருக்கு முன்னாடியே நெஞ்சுவலி என்று சொன்னேன். விபத்து என்றால் செய்தித்தாளில் தேடுவார்.

மேடத்துக்குக் கண் கலங்கிவிட்டது. இதை நான் எதிர்பார்க்கவில்லை. மூன்று பேரும் எழுந்து நின்று ஒரு நிமிஷம் மௌனம் காத்தோம். நான் எழுதிப் பெற்ற பிள்ளைக்கு நானே மௌனம். அதோடு விட்டாரா? "முன்னுரையில அவருக்கு ஒரு அஞ்சலி போடுவோம். எவ்வளவோ பேரு வாக்கியம் குடுத்துருக்காங்க, இப்படி ஒருத்தர் கிடைக்க மாட்டாரு."

பத்தொன்பது வருஷம் உழைத்தவன் 'உதவிய நண்பர்கள்'. ஒரு வாரம் வாழ்ந்த வேலுவுக்குத் தனி அஞ்சலி, பெயரோடு. வேலுவைப் பார்த்தும் எனக்கு எரிந்தது என்றால் என் நிலைமையைப் புரிந்துகொள்ளலாம்.

மௌனம் முடிந்ததும் அண்ணாச்சி பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார்: "காரியம் என்னைக்குன்னு சொல்லுங்க திருமலை சார். நானும் வாறேன். ஒத்தையில நீங்க மட்டும் போயி அழுவக் கூடாது பாத்தியளா."

அவருக்குத் தெரியும்.

ஜூலை 18, வியாழன்

தெரியுமா, தெரியாதா?

ஜூலை 20, சனி

தெரியும். ஆனால் அது இப்போது பெரிய விஷயமே இல்லை.

சாயங்காலம் கடைக்குப் போய்விட்டுச் சீக்கிரம் திரும்பிவிட்டேன். வாசலில் அண்ணாச்சியின் செருப்பு. உள்ளே பேச்சு. காது கொடுத்தேன், அது என் தொழில்.

"அதே ஜோக்குண்ணே. டாக்டரும் மாமியாரும் ஜோக்கு. கல்யாணமான புதுசுல சிரிச்சேன். இப்ப அவரு தொண்டையைக் கனைச்சாலே போதும், நெஞ்சைக் கரிச்சுக்கிட்டு வந்துருது. வருஷக் கணக்கா மனுஷியை சீக்காக்குறதுக்கு விஷமெல்லாம் வேண்டாம்ணே, ஒரே ஜோக்கு போதும்."

"இருங்க தங்கச்சி, இருங்க. சீக்காக்குறதுக்கு... விஷமெல்லாம்... சொல்லுங்க."

பென்சில் கீறுகிற சத்தம்.

செருப்புக்குப் பக்கத்தில் நின்றபடியே நான் எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தேன். அப்பளம். பனியன். சளி. அந்தப் பாவப்பட்ட புருஷன்.

ஒரு நல்ல ஆண்பிள்ளைக்கு அந்த இடத்தில் கோபம் வந்திருக்கும். மானம் போய்விட்டதே என்று வந்திருக்கும். எனக்கு வந்தது வேறு. அந்த வாக்கியங்கள் எனக்குச் சேர வேண்டியவை! இருபத்தாறு வருஷம் உடன் இருந்து அந்த அருவருப்பையெல்லாம் பாடுபட்டு உண்டாக்கியவன் நான். அப்பளத்தை நொறுக்கியது யார்? பனியனை நனைத்தது யார்? விளைந்ததை வந்து அள்ளிக்கொண்டு போகிறார் இந்த மனுஷன்.

அவர் போனபிறகு பாக்கியத்தின் முன்னால் அட்டையோடு உட்கார்ந்தேன்.

"பாக்கியம், நான் சாப்பிடறதைப் பார்த்தா உனக்கு எப்படி இருக்கு?"

"பசிக்குதா? தோசை ஊத்தவா?"

"இல்லை, என் பனியனைப் பார்த்தா?"

"புதுசு வாங்கணும். நாளைக்கு வாங்கிக்கலாம்."

"என்கிட்ட எதையும் சொல்ல மாட்டேங்கிறியே. அந்த ஆள்கிட்ட மட்டும் கொட்டுறே."

தோசைக் கல்லைத் துடைத்துக்கொண்டிருந்தவள் திரும்பினாள். "அண்ணன் நான் சொல்றதை முடிக்கிற வரைக்கும் இருக்காருங்க" என்றாள். சண்டையாகச் சொல்லவில்லை. தோசை வேணுமா வேண்டாமா என்று கேட்பதுபோலத்தான் சொன்னாள்.

அதை அட்டையில் எழுதலாமா என்று யோசித்தேன். பதினாலு வினையில் எதிலும் சேராது.

ரெண்டு தோசை சாப்பிட்டேன். சத்தம் போடாமல்.

ஜூலை 21, ஞாயிறு

டாக்டரும் மாமியாரும் ஜோக்கை எண்ணிப் பார்த்தேன். வேறு வேறு வார இதழ்களில் நான்கு முறை விற்றிருக்கிறேன்.

ஜூலை 22, திங்கள்

கடைசி வாசிப்பு. அண்ணாச்சி பதினாலும் முடித்துவிட்டார். எனக்கு வேலுவையும் சேர்த்து ஒன்பது. மேடம் வேலுவுக்கான அஞ்சலிக் குறிப்பை எழுதியே கொண்டுவந்திருந்தார். 'நெடுஞ்சாலையின் நாவு' என்று தலைப்பு. வேலுவின் மகளுக்கு ஒரு பிரதி அனுப்ப விலாசம் கேட்டார்.

அந்த மகளுக்கு நான் இன்னும் வீடு கட்டியிருக்கவில்லை. 

அண்ணாச்சி இருமினார். "மேடம், சொல்ல மறந்துட்டேன். நான் அவுக வீட்டுக்குப் போயிட்டு வந்துட்டேன். அவுகளுக்கு இஷ்டமில்ல. செத்தவரு பேச்சைப் புஸ்தகத்துல போடப்பிடாதுன்னு சொல்லிட்டாவ. அந்த ஏழு அட்டையையும் எடுத்துரலாம். பாவம், துக்க வீடு."

மேடம் உடனே ஒப்புக்கொண்டார். ஏழு அட்டைகளையும் கிழிக்காமல், ஓர் உறையில் போட்டு, மேலே வேலுவின் பெயரை எழுதி அலமாரியில் வைத்தார்.

வெளியே வந்ததும் நான் அண்ணாச்சியின் சட்டையைப் பிடிக்காத குறையாகக் கேட்டேன். "ஏன் அப்படிச் சொன்னீங்க? போட்டுக் குடுத்திருந்தா இன்னைக்கே என் சீட்டு கிழிஞ்சிருக்கும்."

"அதுக்கு எதுக்குக் கிழிக்கணும்? வார்டுல பொய் நோவு சொல்லுதவன்தான் அதிகம் சார். அவனுக்கும் ஒரு நோவு இருக்கும், சொன்ன இடத்துல இருக்காது. அம்புட்டுதான்."

"உங்க இந்த நல்ல குணம் இருக்கு பாருங்க அண்ணாச்சி, அதைப் பார்த்தாத்தான் எனக்கு அடிவயித்துலேருந்து உமட்டிக்கிட்டு வருது!"

அண்ணாச்சியின் கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. பாதி வழியில் நிறுத்திக்கொண்டு என்னைப் பார்த்தார். "இதை நீங்களே எழுதிக்கிடுங்க" என்றார்.

எழுதிக்கொண்டேன். டிஸ்கஸ்ட். சொன்னவர்: நான். ஏற்றுக்கொள்ளப்பட்டது. என் மூன்று நிஜ அட்டைகளில் அதுதான் உருப்படியானது.

ஜூலை 24, புதன்

பாக்கியம் புதுப் பனியன் மூன்று வாங்கியிருக்கிறாள். அண்ணாச்சியின் அட்டைகளில் பெயர் போட அவள் சம்மதித்துவிட்டாளாம். அகராதியில் தனபாக்கியம், மதுரை, என்று பதினோரு இடத்தில் வரும். வீட்டில் என்னைவிட அதிக இடத்தில் பெயர் அச்சாகிறவள் அவள்.

சாயங்காலம் அவள் பக்கத்து வீட்டுக் குழாய்ச் சண்டையைப் பற்றிச் சொன்னாள். முடிக்கிற வரைக்கும் உட்கார்ந்திருந்தேன். நாற்பது நிமிஷம். நடுவில் ரெண்டு தரம் அட்டைக்குக் கை போனது, அடக்கிக்கொண்டேன்.

ஜூலை 26, வெள்ளி

முகப்புப் பக்கத்தின் அச்சுப்படி வந்தது. பதிப்பாசிரியர்: தில்லைநாயகி. இணைப்பதிப்பாசிரியர்: ம. சாலமோன். அவ்வளவுதான்.

தோற்றது தோற்றதுதான். ஆனால் பத்தொன்பது வருஷம்! நேராக மேடத்தின் அறைக்குப் போய்விட்டேன். வாழ்நாளில் முதல் முறையாக உட்காரச் சொல்வதற்கு முன்பே உட்கார்ந்தேன்.

"மேடம், போட்டின்னு வெச்சீங்க. தோத்துட்டேன். ஒத்துக்கிறேன். ஆனா நேத்து வந்தவரையும் என்னையும் ஒரே தட்டுல வெச்சு நிறுத்துப் பாத்தது நியாயமா?"

மேடம் கண்ணாடியைக் கழற்றினார். "என்ன போட்டி?"

"அந்தப் பதினாலு வினை."

"திருமலை சார், அது அண்ணாச்சியைப் பார்க்கிறதுக்கு வெச்சது. ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு ஆள் வேணுமேன்னு உங்களையும் எழுதச் சொன்னேன். நீங்க போட்டியிலேயே இல்லையே."

"ஏன் இல்லை? நான் ஏன் இல்லை?"

மேடம் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். எழுந்து என் பெயர் எழுதிய கோப்பை எடுத்து, ஒரு தாளை உருவி, என் பக்கம் திருப்பி வைத்தார்.

ரெண்டு வருஷத்துக்கு முந்தைய கடிதம், நான் அடியோடு மறந்துபோனது. இணைப்பதிப்பாசிரியர் பொறுப்பை எனக்குத் தர முன்வந்ததற்கு நன்றி தெரிவித்து ஆரம்பித்திருந்தது. முகப்பில் பெயர் வந்தால் பிழை கண்டுபிடிக்கிறவர்களெல்லாம் அந்தப் பெயருக்கே கடிதம் எழுதுவார்கள், அதற்கெல்லாம் பதில் போட என்னால் ஆகாது, எனவே இதைத் தயவுசெய்து மறுபடி என்னிடம் கேட்க வேண்டாம் என்று இருந்தது. கையெழுத்து என்னுடையதுதான்.